குட்டிச்சுவரும் கல்லாவும்: ‘சபர்பியா’ படத்தைச் சாட்ஸ்வொர்த்திலிருந்து பார்த்தால்

1996இல் வெளிவந்த ‘சபர்பியா’ என்ற அமெரிக்கப் படத்தை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் உட்கார்ந்து முதல்முறை பார்க்கும் தமிழருக்கு மூன்று இடங்களில் குழப்பம் வரும். பெயர் புறநகர் என்கிறது; திரையில் தெரியும் ஊரோ நாம் புறநகர் என்று சொல்லும் எதையும் போல இல்லை. வகை நகைச்சுவை என்கிறார்கள். கடைசிப் பகுதியில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம், இது வேலைவெட்டி இல்லாத இளைஞர்களின் கதை என்று சொல்லித்தான் படத்தைப் போடுகிறோம். நம் கண்ணோ அவர்களிடம் வசவு வாங்கும் கடைக்காரர் மேலேயே போய் நிற்கிறது.

இந்த மூன்றையும் அடியிலிருந்து ஒவ்வொன்றாக விளக்கப் பார்க்கிறேன். மூன்றாவதுதான் கனமானது. ஆனால் முதல் இரண்டும் தெளியாமல் அங்கே போக முடியாது.

## முதலில், எந்தப் படம்?

இதே பெயரில் 1983இலும் ஒரு படம் உண்டு. பெனலோப்பி ஸ்பீரிஸ் இயக்கியது. வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகளையும் பங்க் இசையையும் பற்றியது. தேடும்போது பலர் அதைப் போட்டுவிட்டுக் குழம்புவார்கள். இங்கே பேசுவது ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கிய 1996ஆம் ஆண்டுப் படம். எரிக் பொகோசியன் எழுதி, 1994இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் மேடையேறிய நாடகம்தான் மூலம். திரைக்கதையையும் அவரே எழுதினார். பொகோசியன் வளர்ந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் என்ற புறநகர் ஊரில். படத்தில் கதை நடக்கும் பர்ன்ஃபீல்ட் கற்பனை ஊர். படம் பிடித்தது டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில்.

கதை ஒரே ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தை விளக்க முடியாது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

இருபதைத் தாண்டிய மூன்று நண்பர்கள் ஒரு சிறு கடையின் வாசலில், கார் நிறுத்தும் இடத்து ஓரமாக, பீர் குடித்துப் பொழுதைக் கழிக்கிறார்கள். ஜெஃப் யோசித்துக்கொண்டே இருப்பவன். பஃப் கோமாளி. டிம் விமானப் படையிலிருந்து திரும்பிவந்தவன். எந்நேரமும் குடி, யாரைப் பார்த்தாலும் கசப்பு. ஜெஃபின் காதலி சூஸ், கலை படிக்க நியூயார்க் போகத் துடிக்கிறாள். அவளுடைய தோழி பீ-பீ நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் வேலையில் இருப்பவள். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுவர முயல்பவள்.

இவர்களோடு பள்ளியில் படித்த போனி இப்போது ராக் பாடகன். தன் விளம்பர வேலைகளைப் பார்க்கும் எரிக்கா என்ற பெண்ணுடன், லிமோசின் காரில், பழைய நண்பர்களைப் பார்க்க வருகிறான். வெளியூருக்குப் போய் ஆளாகித் திரும்பியவன் ஒருவன் எதிரே வந்து நின்றால், போகாதவர்களுக்கு என்ன ஆகும்? மீதி இரவெல்லாம் அதுதான். பொறாமை, குத்தல், உளறல், சண்டை. விடிவதற்குள் சூஸ் போனியோடு போய்விடுகிறாள். டிம், தான் எரிக்காவைக் கொன்றுவிட்டதாக ஜெஃபை நம்பவைக்கிறான், ஜெஃப் நடுங்கிப்போகிறான், கடைசியில் அவள் உயிரோடு வந்து நிற்கிறாள். பீ-பீயோ நிஜமாகவே சாவின் விளிம்பில் கிடக்கிறாள்.

கடை நசீருடையது. பாகிஸ்தானிலிருந்து வந்தவர். கல்லாவில் நின்றபடியே பொறியியல் படிப்பவர்.

## ‘சபர்பியா’ என்றால் புறநகர்தானா?

அகராதிப்படி சரி. வாழ்க்கைப்படி இல்லை. சென்னைக்காரருக்குப் புறநகர் என்றால் மின்சார ரயிலும் தாம்பரமும் அம்பத்தூரும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அரசு போட்ட ஒரு பெரிய திட்டமே இருக்கிறது.

1. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் படிப்புக்கும் வீட்டுக்கும் உதவ 1944இல் ஒரு சட்டம் வந்தது. குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் கிடைத்தது. 1947 முதல் 1951க்குள் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற ஒரே குடியிருப்பில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள், கிட்டத்தட்ட ஒரே அச்சில், எழுந்தன.

2. அந்த வீடுகள் எல்லாருக்கும் இல்லை. வெள்ளையரல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று லெவிட்டவுன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை.

3. 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு அரசு பணம் ஒதுக்கியது. வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் கார் வேண்டும் என்றானது.

4. வீடு இருக்கும் பகுதியில் வீடு மட்டுமே இருக்க வேண்டும் என்று ஊர் விதிகள் வந்தன. முக்குக்கடை இல்லை, திண்ணை இல்லை, கோயில் மண்டபம் இல்லை.

நாலாவதைப் பிடித்துக்கொண்டால் படம் பாதி புரிந்துவிடும். நடந்து போய் நிற்க ஓர் இடம்கூட இல்லாத ஊரில், இரவெல்லாம் விளக்கு எரியும் ஒரே இடம் நெடுஞ்சாலையோரக் கடைதான். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் 7-லெவன் கடைகள் டெக்சஸில் ஐஸ் விற்ற நிறுவனத்திலிருந்து பிறந்தவை. அவை முதன்முதலில் இரவு முழுக்கத் திறந்திருந்தது, இந்தப் படம் பிடித்த அதே ஆஸ்டின் நகரில், 1960களின் தொடக்கத்தில். ஜெஃபும் டிம்மும் அங்கே போய் நிற்பதைச் சோம்பல் என்று மட்டும் பார்ப்பது தவறு. ஊரை வரைந்தவர்கள் அவர்களுக்கு விட்டுவைத்தது அந்த நாலு சதுர அடியைத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘சபர்ப்’ என்றால் பல பத்தாண்டுகளுக்கு வெள்ளையர் பகுதி. பெரியா சபர்ப், வெஸ்ட்வில் சபர்ப். சாட்ஸ்வொர்த் ‘டவுன்ஷிப்’, அதாவது வெள்ளையரல்லாதவர்க்கு ஒதுக்கிய குடியிருப்பு. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் ஒவ்வோர் இனத்துக்கும் எல்லை போட்டுக் கொடுத்தது. கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்களான தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸிலிருந்தும், ஆட்களைப் பெயர்த்து 1960களில் சாட்ஸ்வொர்த்தில் வைத்தார்கள். அங்கே முன்பு வாழை பயிரிட்டுக்கொண்டிருந்தவர்களும் இந்தியர்களே. தெருவுக்குப் பெயர் வைக்கும் முன் யூனிட்டுக்கு எண் வைத்தார்கள். 1976 முதல், இதே போல இந்தியர்களுக்கென்று டர்பனில் பீனிக்ஸ் என்ற குடியிருப்பு எழுந்தது.

ஆக, இரண்டு நாட்டிலும் சில ஆண்டுகள் முன்பின்னாக, ஒரே மாதிரி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. இரண்டிலும் யார் எங்கே வாழலாம் என்பதை நிறம் தீர்மானித்தது. ஆனால் பர்ன்ஃபீல்டின் பெற்றோர் அங்கே விரும்பிப் போனவர்கள், கடன் கொடுத்து வரவேற்கப்பட்டவர்கள். சாட்ஸ்வொர்த்தின் பெற்றோர் லாரியில் சாமான் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். இனஒதுக்கல் ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு கையில் நாலு காசு சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வெஸ்ட்வில்லுக்கும் அம்ஷ்லாங்காவுக்கும் போனபோது, ‘சபர்புக்குப் போயிட்டாங்க’ என்பது ஒரு பாராட்டு. ஜெஃப் சலித்துப்போய் உதைக்கும் அதே தரைக்கு வந்து சேரத்தான் நம் பெற்றோர் பாடுபட்டார்கள். படத்தோடு நமக்கு முதல் உரசல் இங்கேதான் வருகிறது. அதைப் படத்தின் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. பர்ன்ஃபீல்டில் அந்தப் பிள்ளைகளை யாரும் பார்ப்பதில்லை. அவர்களுடைய பெற்றோர் கதைக்குள் காலடியே வைப்பதில்லை என்று சொல்லலாம். சாட்ஸ்வொர்த்தில் ஒருவன் டீ ரூம் வாசலில் பத்து நிமிடம் நின்றால், அவன் எந்த வீட்டுப் பிள்ளை, அவன் தாத்தா எந்த பேரக்ஸ் என்பது வரை சொல்ல ஆள் இருக்கும். (இங்கே டீ ரூம் என்றால் பாலும் ரொட்டியும் சிகரெட்டும் விற்கும் முக்குக்கடை, தமிழ்நாட்டு வாசகர்கள் டீக்கடை என்று நினைத்துவிட வேண்டாம்.) அத்தனை கண்கள் இருப்பது பாதுகாப்பு மாதிரி தெரியும். ஆனால் பார்க்கப்படுவதும் போக இடம் இருப்பதும் வேறு வேறு. 2000ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று சாட்ஸ்வொர்த்தின் த்ராப் என்ற நடன விடுதியில் பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்தபோது கண்ணீர்ப்புகைக் குப்பி வெடித்து, நெரிசலில் 13 பேர் இறந்துபோனார்கள். நெல்சன் மண்டேலா வந்து துக்கம் கேட்டார். அதற்குப் பிறகுதான் அவர் பெயரில் அங்கே ஓர் இளைஞர் மையம் வந்தது. லட்சக்கணக்கானவர்களைக் குடிவைக்கத் திட்டம் போட்டவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளை வெள்ளிக்கிழமை எங்கே போகும் என்று நாற்பது ஆண்டுகளாக யோசிக்கவில்லை.

## அவல நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது?

டார்க் காமெடி, பிளாக் காமெடி, அவல நகைச்சுவை: மூன்றும் ஒன்றுதான். சாவு, நோய், வன்முறை, அவமானம் என்று சிரிக்கக் கூடாதவற்றின் மீதே சிரிப்பைக் கட்டுவது. தமிழ் சினிமா பார்ப்பவர்களுக்கு இது ‘சூது கவ்வும்’ (2013) போன்ற படங்களால் பழகிவிட்டது. ஆனால் அங்கே ஆள்கடத்தலும் துரத்தலுமாகக் கதை ஓடுகிறது. சபர்பியாவில் எதுவும் ஓடுவதில்லை, எல்லாம் பேச்சு. அப்படியிருக்க அது எப்படிச் சிரிக்கவைக்கிறது, எப்போது அதை நிறுத்துகிறது?

1. பேச்சுக்கும் செயலுக்கும் உள்ள தூரம். ஜெஃப் உலகத்தையே திருத்துவது போலப் பேசுகிறான். வாசலை விட்டு நகர்வதில்லை. நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட ஒருவரையாவது நமக்குத் தெரியும், அதனால் சிரிப்பு உடனே வருகிறது.

2. வெற்றி பெற்றவனும் பரிதாபமாக இருப்பது. போனி லிமோசினில் வந்து, பயணங்களின் தனிமையைப் பற்றிப் புலம்புகிறான். கேட்பவர்களுக்கு எரிகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் அந்தக் காட்சிகள் கேலியாகச் சுருங்கிவிடவில்லை. போனியை ஒரு தற்பெருமைக்காரனாக மட்டும் எழுதியிருந்தால் படம் பாதியாகியிருக்கும்.

3. பொய்ச் சாவும் மெய்ச் சாவும். படத்தின் கைத்திறம் முழுவதும் இங்கே இருக்கிறது. எரிக்கா கொல்லப்பட்டாள் என்ற பொய் நம் கவனத்தையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஜெஃபோடு சேர்ந்து நாமும் பதறுகிறோம். அவள் வந்து நின்றதும் ‘அப்பாடா’ என்று சிரிக்கிறோம். அந்த நேரம் முழுக்க, பக்கத்திலேயே, யாரும் கவனிக்காமல் பீ-பீ தன்னை அழித்துக்கொண்டிருக்கிறாள். நாமும் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த நம்மையும் அந்தக் கவனக்குறைவில் பங்காளியாக்குகிறது படம். தொண்டையில் சிரிப்பு நிற்பதற்குக் காரணம் இதுதான், வெறும் சோக முடிவு காரணமில்லை.

## வெட்டி, தண்டச்சோறு, குட்டிச்சுவர்

குறிக்கோள் இல்லாத இளைஞனுக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. வெட்டி, ஊர்சுற்றி, தண்டச்சோறு, உதவாக்கரை. குட்டிச்சுவரில் உட்காருபவனைக் குட்டிச்சுவராகவே ஆகிவிட்டான் என்றும் சொல்கிறோம். இத்தனை சொற்களும் சோறு போடுபவரின் வாயிலிருந்து வருபவை என்பதைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு சொல்கூட இல்லை. தமிழ் சினிமாவும் அவனை நாயகனாக்கும்போது பெரும்பாலும் இரண்டே வழிதான் காட்டியிருக்கிறது: பசியில் வாட வேண்டும், அல்லது இடைவேளைக்குப் பிறகு ஜெயிக்க வேண்டும். உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருக்கும் கதையைப் பொறுமையாகப் பார்க்க நமக்குப் பழக்கம் இல்லை. சபர்பியா அந்தப் பழக்கத்தைக் கேட்கிறது.

ஆனால் பர்ன்ஃபீல்டின் வெட்டித்தனமும் இங்கே உள்ளதும் ஒன்று என்று நினைத்தால் பெரிய தவறு. படம் வந்த 1996இல் அமெரிக்காவில் வேலையின்மை 5.4 சதவீதம்தான். வேலை கிடைக்கும்; அந்த வேலையைச் செய்து என்னவாகப் போகிறோம் என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் கேள்வி. தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறையின் 2024 முதல் காலாண்டுக் கணக்கில், 15 முதல் 34 வயதுக்குட்பட்டவர்களிடையே வேலையின்மை 45.5 சதவீதம்.

இந்த எண்ணைப் படிக்கும்போது மூன்று பெயர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. வேலையில்லாதவர்: வேலை தேடிக்கொண்டிருந்தும் கிடைக்காதவர். 45.5 என்பது இவர்களை வைத்துத்தான். படிப்பில் இருப்பவர், வீட்டுப் பொறுப்பால் தேடாதவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

2. தேடி அலுத்தவர்: கிடைக்காது என்று முடிவுகட்டித் தேடுவதை நிறுத்தியவர். மேலே சொன்ன கணக்கில் இவரும் வரமாட்டார். டீ ரூம் வாசலில் நிற்பவர்களில் பலர் இந்த வகை.

3. நீட்: படிப்பிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை என்பதன் சுருக்கம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்த எழுத்துகள் மருத்துவ நுழைவுத் தேர்வைத்தான் நினைவூட்டும், இது வேறு.

2020இல் கொரோனா காலத்தில் மாதம் 350 ராண்ட் என்று தொடங்கிய அரசு உதவித்தொகை, 2024 ஏப்ரலில் 370 ராண்டாக உயர்ந்தது. வருமானம் இல்லாத 18 வயது தாண்டியவர் அதைக் கேட்கலாம். அந்தத் தொகையில் எவ்வளவு நாள் ஓடும் என்பது இங்கே கடைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். பர்ன்ஃபீல்டில் ‘போக மாட்டேன்’ என்பது ஒரு நிலைப்பாடு. சாட்ஸ்வொர்த் பக்கத்துப் பேவியூவிலும் ஷாலக்ராஸிலும் பல லைட்டிகளுக்கு (இளைஞர்களை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) போவதற்கான பஸ் காசே கேள்வி. அதனால் ஜெஃபைப் பார்த்துச் சிரிப்பது போல இவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரிப்புக்கு அடியில் ‘நீ நினைத்தால் எழுந்து போகலாமே’ என்ற எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணம் இங்கே பொய்யாகிவிடுகிறது.

ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. காத்திருப்பு போதைக்கு இழுத்துக்கொண்டு போவது. பர்ன்ஃபீல்டில் பீரும் விஸ்கியும். சாட்ஸ்வொர்த்தில் 2000களின் நடுவிலிருந்து ‘சுகர்ஸ்’: மட்டமான ஹெராயினோடு வேறு பொருட்களைக் கலந்த மலிவு விலைத் தூள். பெயர்தான் சர்க்கரை.

## கல்லாவின் இரண்டு பக்கம்

இனி மூன்றாவது குழப்பம்.

கதையில் நசீர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வாசலில் நிற்பவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள், தொல்லையும் அவர்களே. டிம் அவரை அந்நியன் என்று கூசாமல் திட்டுகிறான். இந்த நாடு எனக்குச் சொந்தம், நீ எப்படி இங்கே கடை வைத்தாய் என்பதுதான் அவன் சொல்வதன் சாரம். துப்பாக்கியும் வெளியே வருகிறது. அந்த இரவில் அங்கே இருப்பவர்களில், அடுத்த ஐந்து ஆண்டில் என்ன செய்யப்போகிறேன் என்று தெளிவாகச் சொல்லக்கூடியவர் நசீர் ஒருவரே. மண்ணின் பிள்ளைக்குத் திசை இல்லை, அந்நியனுக்கு இருக்கிறது. டிம்மின் கோபத்துக்கு வேர் அதுதான்.

நசீராக நடித்தவர் அஜய் நாயுடு, அமெரிக்காவில் பிறந்தவர். இந்த வேடத்துக்காக இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். டர்பனில் நாயுடு என்ற பெயர் எழுத்துக்கூட்டல் மாறி ‘நாயுடூ’ என்று வீதிக்கு வீதி இருக்கிறது. திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் இங்குள்ள தமிழருக்கும் தெலுங்கருக்கும் ஒரு சொந்தம் தோன்றிவிடுகிறது. அந்தச் சொந்தம் எவ்வளவு தூரம் நியாயம் என்பதற்கு நம் வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். தமிழர் பெரும்பாலும் கரும்புக்கு வந்தவர்கள். பெரிய கடைகள் சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கி வந்த குஜராத்தி வணிகர்களுடையவை. ஒப்பந்தம் முடிந்த தமிழர் காய்கறி பயிரிட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள், சிலர் சிறு கடை போட்டார்கள். அப்படி நிமிர்ந்தவுடனே சட்டம் வந்தது. 1895இல், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்குபவர்கள் மேல் 3 பவுண்ட் வரி விதிக்க ஒரு சட்டம். 1897இல் வணிக உரிமச் சட்டம்: யாருக்குக் கடை உரிமம் தரலாம் என்பது அதிகாரியின் விருப்பம், மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. யாரைக் குறிவைத்தது என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. ‘இவன் கடை ஏன் நம் ஊரில்’ என்ற டிம்மின் கேள்வியைத்தான், டர்பன் இருந்த நேட்டால் குடியேற்றத்தின் அரசு சட்டமாக எழுதியது.

அப்புறம் 1949 ஜனவரி. டர்பனில் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் இந்தியர் ஒருவரால் அடிக்கப்பட்டதில் தொடங்கிய கலவரத்தில், அரசுக் கணக்குப்படி 142 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இந்தியரைவிட ஆப்பிரிக்கர் அதிகம். கேட்டோ மேனரில் இந்தியர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்த நினைவோடு வளர்ந்த வீட்டில், கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியோடு வரும் காட்சியில் யாரும் சிரிக்க முடியாது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது பீனிக்ஸ் தெருக்களில் தடுப்புப் போட்டு ஆயுதத்தோடு நின்றவர்கள் நம் ஆட்கள். அங்கே இறந்த 36 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். துப்பாக்கி எந்தக் கையில் இருந்தால் தற்காப்பு, எந்தக் கையில் இருந்தால் வன்முறை என்ற கேள்வி பர்ன்ஃபீல்டில் ஒரு காட்சியோடு முடிகிறது. பீனிக்ஸில் அது குடும்பங்களுக்குள் இன்னும் பேசி முடியாத பேச்சு.

இதற்கும் மேலே ஒரு திருப்பம் இருக்கிறது. கல்லா இப்போது கைமாறிவிட்டது. பழைய டீ ரூம்கள் பலவற்றை நடத்திய குடும்பங்களின் பிள்ளைகள் கணக்காளராகவும் மருத்துவராகவும் ஆகிவிட்டார்கள். இன்று டவுன்ஷிப் முனையில் ஸ்பாஸா கடையில் (அங்கே சிறு மளிகைக்கடைக்கு அதுதான் பெயர்) நிற்பவர் சோமாலியாவிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நசீரைப் போலப் பாகிஸ்தானியாகவும் இருக்கலாம். 2008 மே மாதம் வெளிநாட்டவர் மேல் நடந்த தாக்குதல்களில் 62 பேர் இறந்தார்கள். 2024இல் கடைத் தின்பண்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட பூச்சிமருந்து நஞ்சால் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, ஸ்பாஸா கடைகள் எல்லாம் 21 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவர் நவம்பர் 15 அன்று அறிவித்தார். கெடு பின்னர் 2025 பிப்ரவரி 28 வரை நீண்டது. குழந்தைகளைக் காக்க ஒழுங்கு தேவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வாரங்களில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்ட பேச்சு ஒழுங்கைப் பற்றியதாக மட்டும் இல்லை. ‘இவனுக எல்லாம் எங்கிருந்து வந்தானுக’ என்பதும் அதில் இருந்தது. 1897இன் சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் பேசும் பேச்சா அது?

படத்தைச் சாட்ஸ்வொர்த்திலிருந்து பார்ப்பதன் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பார்வையாளர் பெரும்பாலும் வாசலில் நின்று படத்தைப் பார்ப்பார். புதிதாகக் குடியேறியவர் கல்லாவிலிருந்து பார்ப்பார். நமக்கு இரண்டு இடமும் தெரியும். நம் தாத்தா நசீராக நின்றிருக்கிறார். நம் பிள்ளையோ மருமகனோ வாசலில் பீர் பாட்டிலோடு நிற்கிறான். உள்ளே நிற்கும் புது நசீரை நாம் டிம்மின் கண்ணால் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

நம் ஊர் சினிமா இதைத் தொடவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 2017இல் வந்த ‘கீப்பிங் அப் வித் த கண்டசாமிஸ்’ சாட்ஸ்வொர்த்தின் சமையலறையையும் பக்கத்து வீட்டுப் போட்டியையும் அன்போடு காட்டியது. மக்கள் கொண்டாடினார்கள், கொண்டாடத் தகுந்ததுதான். அம்மாக்களின் ஊர் திரைக்கு வந்துவிட்டது. டீ ரூம் வாசலில் இரவு பதினொரு மணிக்கு நிற்பவனின் ஊர் இன்னும் வரவில்லை.

## மறுபடி பார்க்கும்போது

வசவும் குடியும் நிறைந்த படம். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. இரண்டு மணி நேரம், பெரும்பாலும் ஒரே இடம், அதனால் முதல் அரை மணியில் நாடகம் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

இரண்டாம் முறை பார்ப்பவர்கள் ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள். பேசுகிறவனை விட்டுவிட்டு பீ-பீயை மட்டும் பின்தொடருங்கள். அவள் எப்போது வருகிறாள், யார் பக்கத்தில் உட்காருகிறாள், கையில் என்ன இருக்கிறது, தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது யார் குறுக்கே பேசுகிறார்கள், எந்தக் கணத்திலிருந்து அவளைக் காணவில்லை. விடிந்து, அவளைக் கண்டுபிடித்த பிறகு, கையில் இருப்பதையெல்லாம் இப்படி வீசி எறிகிறீர்களே என்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஆத்திரமும் அழுகையுமாகக் கத்துபவர் நசீர். இரவெல்லாம் அவர்களிடம் திட்டு வாங்கிய மனிதர். ஜெஃபிடம் அப்போது பதில் இல்லை.